வண்டியோடு பற்றவைத்த பெட்டி

லோடு வண்டியின் தளத்தில் ஓட்டை போட்டால் ஜெயிலில் போடுவார்கள் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் நம்பியிருந்தால் ஒரு சாக்காவது இருந்திருக்கும். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகள், ஒரு மூக்குக் கண்ணாடி, போர் மோட்டார் ரிப்பேரில் இருபது வருஷ அனுபவம். முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கிற மோட்டாருக்கு என்ன கோளாறு என்பதை மேலே நின்றபடி சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் காலடியில் கிடந்த தகரத்தில் ஒரு ஓட்டை போட நாலு மாதம் பயந்தேன்.

அந்தப் பயத்தை எனக்குள் இறக்கியவர் என் மச்சான், மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் பார்க்கிறார். நாள் முழுக்க டிரைவர்களோடு பேசிப் பேசி, வண்டி சம்பந்தமான சட்டம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவர் சட்டத்தில் ஒரே ஒரு தண்டனைதான் உண்டு. ஹாரன் மாற்றினால் சீஸ், அதாவது வண்டி பறிமுதல், வண்டிக்காரன் ஜெயிலுக்கு. மட்கார்டில் பூ வரைந்தால் சீஸ். பின்னால் குழந்தை பெயரை எழுதினால் அதற்கும் சீஸ். "சீஸ் பண்ணிடுவாங்க மாமா" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானாலும் அவர் வீட்டில் சட்டியை சீஸ் பண்ணுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் நம்பினேன். அதுதான் என்னிடம் உள்ள கோளாறு. ஊரையே கிண்டல் பண்ணுவேன், ஆனால் எவனாவது குரலைத் தாழ்த்தி ஒரு பயத்தைச் சொன்னால் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை ஊர் ஊராக. சிதம்பரம், ஸ்ரீமுஷ்ணம், பெண்ணாடம் வரைக்கும் கிணற்றடியிலிருந்து போன் வரும். 2009 வரைக்கும் எனக்கு இருந்தது ஒரு மொபட். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் மூன்றாவது மூட்டையாக நான். எந்த ஊருக்குப் போனாலும் தேவைப்படுகிற ஒரு சாமான் மட்டும் வீட்டிலேயே இருக்கும். ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மோட்டாரை மேலே தூக்கிப் பிரித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால், மாற்ற வேண்டிய புஷ் என்னிடம் இல்லை. கட்டைவிரல் அளவு சாமான். அதை எடுக்கக் கடலூருக்குப் போய்த் திரும்ப வேண்டும். நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம் சொன்னார்.

"டாக்டரு வந்தாரு, நோயாளிய அறுத்தாரு, ஊசி நூலு எடுத்துனு வர ஊட்டுக்குப் போறாரு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். வரப்பு நெடுக அந்த வார்த்தை என் பின்னாலேயே வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் கடை முழுக்க என்னோடு வரவேண்டும். சின்ன வாஷரிலிருந்து பெரிய பைப் ரெஞ்சு வரைக்கும் எல்லாமே.

அந்த வருஷம் ஜூனில் ஒரு பழைய லோடு வண்டி வாங்கினேன். ஜனங்கள் குட்டி யானை என்று சொல்வார்களே, அந்த வகை. அதற்கு எஃப்.சி. இன்னும் எட்டு மாதம் இருந்தது. எஃப்.சி. என்றால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் அதிகாரியிடம் காட்டி வாங்குகிற சான்று. அது இல்லாத வண்டி வெறும் இரும்பு. எட்டு மாதம் அப்போது எனக்கு எட்டு வருஷம் மாதிரி தெரிந்தது.

சாமான்களை உரச் சாக்குகளில் கட்டி வண்டியில் போட்டேன். ஏழு சாக்கு. ஏழும் ஒரே உரம், ஒரே நிறம். கெப்பாசிட்டர் வேண்டுமென்றால் ஏழையும் கொட்டிப் பார்க்கவேண்டும். அதோடு வண்டித் தளம் வழவழவென்று இருந்ததால் ஒவ்வொரு வேகத்தடையிலும் சாக்குகள் பின்னால் போய், பிரேக் போட்டால் முன்னால் வரும். கடலூரில் முதலாவதாக இருந்த சாக்கு சிதம்பரம் போவதற்குள் ஐந்தாவது இடத்துக்குப் போயிருக்கும். மொபட்டில் இல்லாத சாமானைத் தேடினேன். வண்டியில் இருக்கிற சாமானைத் தேடினேன். தேடுவது என்னவோ மாறவில்லை.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறாங்கிளாஸ் பசங்க பேக்கு இதவிட ஒழுங்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் தொடக்கம்.

ஆசாரியைக் கூப்பிடவில்லை. நானே செய்தேன். இருபது வருஷம் மற்றவர்களின் கிணற்றில் கை விட்டவனுக்குச் சொந்தமாக ஒரு பெட்டி அடிக்கத் தெரியாதா என்ற திமிர். தெரியாது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்தத் திமிரில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

கட்டிடம் கட்டுகிற ஒருவரிடமிருந்து பழைய சென்ட்ரிங் பலகைகளை வாங்கி வந்தேன். சிமெண்டுக் கறை படிந்த கெட்டிப் பலகை. வண்டித் தளத்தின் அகலம் முழுக்க, ஆறடி நீளத்துக்கு, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பெட்டி. மேல்பக்கம் தட்டையாக இருக்கும், அதன் மேல் மோட்டாரையும் பைப்பையும் ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் இரண்டு நீளமான டிராயர். வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு, கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் டிராயர் முழுக்க வெளியே வரவேண்டும். அது வழுக்கி வருவதற்கு என் தொழிலே வழி சொன்னது. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, முதுகு மேலே இருக்கும்படி பெட்டியின் அடியில் ஆணியடித்தேன். அதன் மேல் டிராயர் வெண்ணெய் மாதிரி ஓடியது. டிராயருக்குள் தடுப்பு வைத்து இருபத்து நான்கு அறை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாமான். இன்னொரு தடித்த பைப்பை பெட்டியின் ஓரத்தில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, நீளக் கம்பிகளுக்கு வீடு ஆக்கினேன்.

முதல் டிராயரை முழுக்க நிரப்பி, பெருமையோடு ஒரே இழுப்பாக இழுத்தேன். ஆறடி டிராயரை முழுக்க வெளியே இழுத்தால் அது அந்தரத்தில் நிற்காது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். நேராக வந்து என் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது. நகம் போயிற்று. மறுநாள் நொண்டிக்கொண்டே போய், பாதிக்கு மேல் வெளியே வராதபடி டிராயருக்கு ஒரு சங்கிலி மாட்டினேன். பாதி வெளியே வந்தால் பன்னிரண்டு அறை தெரியும். மீதிப் பன்னிரண்டுக்கு உள்ளே கையை விட்டுத் துழாவவேண்டும். கிணற்றில் துழாவுகிறவனுக்கு இது ஒரு வேலையா.

ஆனால் வண்டித் தளத்தில் ஓட்டை போடவில்லை. மச்சானின் சட்டம். பெட்டியைச் சும்மா தூக்கி வைத்து, நைலான் கயிற்றால் நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். கட்டிய பிறகு அதைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நின்றுகொண்டிருக்கிற வண்டியில் எதுவும் அசையாது என்பதை யோசிக்கவில்லை.

தெருவில் அந்தப் பெட்டிக்கு முதல் நாளே சவப்பெட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆறடி நீளம், பலகை, கயிறு. வேறென்ன நினைப்பார்கள்? டீக்கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னா மாஸ்டர், உள்ள யாரு?"

"இன்னும் முடிவு பண்ணல. அளவு உனக்கு சரியா இருக்குமா பாரு."

அன்றைக்கு டீயில் சர்க்கரை போடாமலே கொடுத்தார்.

மழைக்கு அதை மூட ஒரு பழைய பேனர் கிடைத்தது. யாரோ ஒரு மாப்பிள்ளை பெண்ணின் கல்யாண பேனர். கெட்டியான பிளெக்ஸ், தண்ணீர் உள்ளே போகாது. படத்தை உள்பக்கமாகப் போட்டு மூடியிருக்கலாம். எனக்கு அவர்கள் சிரிப்பு பிடித்திருந்தது, வெளிப்பக்கமாகப் போட்டேன். பெண்ணாடம் பக்கம் ஒரு ஊரில் ஒரு அம்மா வண்டியை நிறுத்தி, மாப்பிள்ளையை உற்றுப் பார்த்து, "இது எங்க நாத்தனா ஊட்டுப் புள்ளையாச்சே, அவன ஏன் பொட்டி மேல போத்தி வச்சிருக்கீங்க" என்று கேட்டாள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் காப்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு படத்தை உள்பக்கமாகத் திருப்பிவிட்டேன். ஊருக்கு ஊர் காப்பி குடித்தால் மோட்டார் யார் பார்ப்பது.

அக்டோபர் மழை ஆரம்பித்த சமயம். புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். நடு ரோட்டில் ஒரு எருமை நின்றது. ஹாரன் அடித்தேன். அது என்னைப் பார்த்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை. கயிறு நாலும் பட்டென்று அறுந்து, அத்தனை இரும்பையும் சுமந்துகொண்டு பெட்டி முன்னால் வந்து கேபினின் முதுகில் இடித்தது. பின்பக்கக் கண்ணாடி என் கழுத்துக்குப் பின்னால் நொறுங்கிக் கொட்டியது.

எருமை நிதானமாக ரோட்டைக் கடந்து போயிற்று. நான் இறங்கினேன். சட்டைக் காலருக்குள் கண்ணாடித் துண்டு. கையால் பிடரியைத் தடவித் தடவி, தலை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எதிரில் வந்த சைக்கிள்காரர் ஒருவர் நின்று, "என்னாச்சுங்க" என்று கேட்டதற்கு "எருமை" என்றேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். ஓட்டை போட்டால் ஜெயில். ஓட்டை போடாவிட்டால் பெட்டி ஒருநாள் என் கழுத்தை எடுத்துவிடும். ஜெயிலுக்குப் போகிறவன் திரும்பி வருவான். கணக்கு அவ்வளவுதான். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராகச் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு போல்ட்டு போட்டா போதும் சார். வேணும்னா கழட்டிக்கலாம்" என்றார்.

"கழட்டுற மாதிரி வேணாம்."

"எதுக்கும் இருக்கட்டும் சார்."

"எட்டு போல்ட்டு போடுங்க. நட்ட அடியில சட்டத்தோட சேத்து பத்த வச்சுடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் அறுத்துதான் எடுக்கணும்."

என் பிடரியில் இன்னும் கண்ணாடித் தூள் இருந்தது. "எருமைகிட்ட யோசிக்கச் சொல்லுங்க" என்றேன்.

எட்டு இடத்தில் நீலமாகப் பொறி பறந்தது. பலகை, தகரம், அடிச்சட்டம் மூன்றும் ஒன்றாயின. அதற்குப் பிறகு ஒரு யானை வந்து தள்ளினாலும் வண்டிதான் கவிழும், பெட்டி நகராது.

அடுத்த நாலு மாதமும் என் தொழில் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். போன் வரும், போவேன், பின்கதவை இறக்குவேன், இழுப்பேன், எடுப்பேன், மாட்டுவேன். ஒரே வருகையில் வேலை முடியும். அதே ஸ்ரீமுஷ்ணம் விவசாயியின் மோட்டார் தை மாதத்தில் மறுபடி நின்றது. போய், பிரித்து, டிராயரில் பதினொன்றாம் அறையிலிருந்து புஷ்ஷை எடுத்து, அவர் கண்முன்னாலேயே உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மதியத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியே ஊட்டுக்கு வந்திருச்சு" என்றார். அந்த வார்த்தைக்காக நான் இன்னொரு நகத்தையும் கொடுத்திருப்பேன்.

பிறகு பிப்ரவரி வந்தது. எஃப்.சி.

எங்கள் பக்கத்தில் எஃப்.சி. வருகிற வாரம் வண்டிக்குக் கல்யாணம் மாதிரி. பெயிண்ட் அடிப்பார்கள். பொட்டு வைப்பார்கள். தேய்ந்த டயரைக் கழட்டிவிட்டு நல்ல டயரை ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து மாட்டுவார்கள். வண்டிக்காரன் தன் வசதிக்காக மாட்டிய எல்லாவற்றையும் கழட்டி வீட்டில் வைத்துவிட்டு, கம்பெனியிலிருந்து நேற்றுதான் வந்த மாதிரி அப்பாவியாகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பாஸ் ஆனதும் திரும்ப வந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வார்கள். எல்லோரும் செய்வது. மச்சான் இந்தக் கல்யாணத்தை நடத்தி வைப்பதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்தார்.

"மொதல்ல பொட்டிய கழட்டுங்க மாமா."

"கழட்ட முடியாது மச்சான்."

"ஸ்பேனர் இல்லியா?"

"ஸ்பேனர் இருக்குது. நட்டு இல்ல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். அடியிலிருந்தே குரல் வந்தது.

"பத்த வச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"எட்டையுமா?"

"எட்டையும்."

வெளியே வந்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம் இல்லை. அதைப் பார்த்துதான் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்தது. சீஸ் என்ற சொல்லை அவர் அன்றைக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பேன்.

"கேஸ் கட்டர் வச்சு அறுத்துடலாம் மாமா. தளத்துல எட்டு ஓட்டை வரும். அது மேல தகரம் அடிச்சு பெயிண்ட் பூசிட்டா தெரியாது."

"பொட்டி?"

"பொட்டி போச்சு. பலகை தீஞ்சிரும். வேணும்னா அப்புறமா புதுசா செய்ங்க."

அப்போது எனக்குப் பெண்ணாடம் பக்கம் மூன்று கரும்புத் தோட்டத்தில் வேலை ஒப்புக்கொண்டிருந்தது. அறுத்தால் மறுபடியும் ஏழு உரச் சாக்கு. மறுபடியும் ஒரு வரப்பின் மேல் நின்றுகொண்டு, சாமான் வீட்டில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். அறுக்காவிட்டால் எஃப்.சி. கிடைக்காமல் வண்டி வாசலில் நிற்கும், பெட்டி இருந்தும் புண்ணியமில்லை. இரண்டுமே எனக்கு நஷ்டம்தான். ஆனால் ஒன்று எவனோ செய்யப்போவது, இன்னொன்று நானே என் கையால் செய்துகொள்வது.

"அறுக்க மாட்டேன்" என்றேன்.

"மாமா, சொன்னா கேளுங்க."

"அந்தப் பொட்டியில திருட்டுச் சாராயமா கடத்துறேன்? புஷ்ஷு, வாஷரு, கேபிள் டேப்பு. வெச்சிருக்கிறத ஒழுங்கா அடுக்கி வெச்சது தப்புன்னா, அந்தத் தப்ப நான் பண்ணுவேன். அதிகாரி அறுக்கச் சொல்லட்டும், அங்கியே படுத்துக்கிறேன்."

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி, "எங்க, பொட்டிக்குள்ளயா?" என்று கேட்டாள்.

வீரமாகப் பேசியது பகல் பதினோரு மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு வீரம் போய்விட்டது. கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன். நர்ஸ் அம்மா, "எதாவது டென்சனா" என்று கேட்டார். "பொட்டி" என்றேன். இன்னொரு முறை அழுத்தம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது' என்று ஆரம்பித்து நாலு பக்கம். பெட்டியின் நீள அகலம், டிராயரின் பயன், நிலக்கடலை காய்ந்த வரலாறு, எருமையின் குணம், எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் ஒரு படமும் வரைந்தேன். மனைவி அதை வாங்கிச் சிவப்பு மையில் திருத்தி, கீழே பத்துக்கு ஆறு என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாலு மார்க்கு எதுக்குப் போச்சு?"

"எருமைக்கு."

மச்சானுக்கு ஒரு யோசனை இருந்தது. கழட்டாவிட்டால் மறைக்கலாம். வண்டி நீலம், பெட்டிக்கும் அதே நீலத்தை அடித்துவிட்டால் கம்பெனியிலேயே வந்த மாதிரி இருக்கும் என்றார். நல்ல யோசனைதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. மறைக்கிறவன்தான் தப்பு செய்தவன். வண்டிக்கு நீலம் அடிக்கச் சொன்னேன், பெட்டிக்கு மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். அரை மைல் தூரத்திலிருந்து தெரிகிற மஞ்சள். பெயிண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நிஜமாவே மஞ்சளா?" என்று கேட்டார். "ரெண்டு கோட்டு" என்றேன். மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு போய், வண்டியின் மற்ற பாகத்திலாவது பழசு எதுவும் தெரியக்கூடாது என்று பெயிண்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வாடகை டயரும் வேண்டாம் என்றுவிட்டேன். நல்ல டயராகவே ஜோடி வாங்கி மாட்டினேன். ஒரு விஷயத்தில் சண்டை போடுகிறவன் மற்ற விஷயத்தில் சுத்தமாக இருக்கவேண்டும்.

எஃப்.சி. அன்று காலையில் ஒரு லுங்கியையும் பல் துலக்கும் பிரஷையும் மஞ்சள் பையில் வைத்து டிராயருக்குள் போட்டேன். ஜெயிலுக்குத்தான். மனைவி பார்த்துவிட்டு, "ரெண்டு லுங்கியா எடுத்துக்குங்க, அங்க தொவைக்க ஆள் இருக்காது" என்றாள். அவள் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். இந்த வீட்டில் யாரும் எதையும் முக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை என்று மனதுக்குள் புலம்பினேன். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்தான்.

எஃப்.சி. பார்க்கிற மைதானத்தில் இருபது வண்டிக்கு மேல் வரிசையில் நின்றன. எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றன. நடுவில் என் மஞ்சள். வரிசையில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர், "இத எப்பிடிங்க கழட்டாம எடுத்துனு வந்தீங்க?" என்று ரகசியமாகக் கேட்டார். "தைரியம்" என்றேன். மச்சான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆனால் எனக்குப் பத்தடி தள்ளி, என்னோடு வராதவர் மாதிரி நின்றார்.

அதிகாரி ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். மனுவில் நாலு பக்கமும் 'ஐயா' என்று எழுதியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் வண்டிக்கு வந்தார். லைட்டைப் போடச் சொன்னார், போட்டேன். பிரேக், வைப்பர், ஹாரன். எல்லாம் வேலை செய்தது. பிறகு பின்னால் போனார். நானும் போனேன். பெட்டியின் முன்னால் நின்றார்.

"இது என்ன?"

மனுவை எடுத்துப் பிரித்தேன். பிரித்த வேகத்தில் மூன்றாம் பக்கம் கீழே விழுந்தது. "மேடம், பணிவான வணக்கத்துடன், நிலக்கடலை..."

"சுருக்கமா சொல்லுங்க."

"பொட்டி, மேடம். சாமான் பொட்டி. போர் மோட்டார் ரிப்பேர்."

"கழட்டலாமா?"

பத்தடி தள்ளி மச்சான் இருமினார். கழட்டிவிடுகிறேன் மேடம், நாளைக்கே கழட்டிவிடுகிறேன் மேடம் என்று சொல் என்பது அந்த இருமலின் பொருள். என் வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். திறந்த வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"முடியாது மேடம். அடியில பத்த வச்சிருக்கேன். கழட்டவும் மாட்டேன். இது இல்லன்னா எனக்குத் தொழில் இல்ல. நீங்க என்னா வேணா எழுதிக்குங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்கதவை இறக்கச் சொன்னார். டிராயரை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். கெப்பாசிட்டர், வாஷர், டேப், லுங்கி, பிரஷ். லுங்கியை எதற்கென்று கேட்கவில்லை. டிராயரை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டினார். வண்டி ஆடியது. பெட்டி ஆடவில்லை. பக்கவாட்டில் போய், பெட்டி எங்காவது தளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அட்டையில் எழுத ஆரம்பித்தார்.

"பெயில்" என்றார்.

படுத்துக்கொள்வதாகச் சொன்ன இடத்தைக் கண்ணால் தேடினேன். நிழலே இல்லை.

"பொட்டிய அறுக்க மாட்டேன் மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"உங்கள யாரு அறுக்கச் சொன்னா? ஆடுதான்னு பாத்தேன். ஆடல. வெளிய நீட்டல. பின்னாடி ரிஃப்ளெக்டர் எங்க?"

குனிந்து பார்த்தேன். பழசு எதுவும் தெரியக்கூடாது என்ற மச்சானின் உத்தரவைப் பெயிண்டர் ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றியிருந்தார். வண்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை முழுக்க அழகான நீலம். பக்கவாட்டிலும் நீலம்.

"புது பட்டை ஒட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போனார்.

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பத்தடியிலிருந்து இருபதடிக்குப் போயிருந்தார்.

எதிர்க் கடையில் பட்டை வாங்கி இருவருமாக ஒட்டினோம். மறுபடி வரிசையில் நின்றோம். ஒரு மணிக்கு முன்னால் எஃப்.சி. கிடைத்தது. அந்தச் சீட்டில் பெட்டி என்ற சொல்லே இல்லை.